கிணற்றில் மிதந்தவள்

ஏரியூரில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கும் முத்துராஜின் மனைவி சோபனாவுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. வாளியில் மோந்து ஊற்றிக்கொள்வதோடு சரி. ஒகேனக்கல்லுக்குப் போனால் எல்லாரும் அருவியில் நிற்க, இவள் மட்டும் கரையில் துணிமணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள்.

அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் மாதேஸ். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில், அவள் சிறுமியாக இருந்தபோது, அப்பா அவள் முதுகில் காலி டின்னைக் கட்டி நீச்சல் பழக்கினார். அவர் பீடி பற்றவைக்க மேலே போன நேரத்தில் மாதேஸ் பின்னால் நீந்தி வந்து கயிற்று முடிச்சை அவிழ்த்துவிட்டான். டின் மேலே மிதந்தது, தங்கை கீழே போனாள். அப்பா ஓடிவந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டபோது கண் செருகியிருந்தது. இந்தக் கதையை மாதேஸ் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பான். சோபனாவும் சேர்ந்து சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் கதை இன்னும் நீளும்.

போன தை மாதம் மோட்டார் கம்பெனி தன் டீலர்களை ஜோடி ஜோடியாக அந்தமானுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னது. அதில் ஒரு பகல் முழுக்க ஸ்நார்க்லிங். முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, கடலில் குப்புற மிதந்தபடியே அடியிலிருக்கும் மீனையும் பவளப்பாறையையும் பார்க்கலாம். குழாயின் மறுமுனை தண்ணீருக்கு மேலே நிற்பதால் மூச்சுக்குக் குறைவில்லை. முத்துராஜ் ஆன்லைனில் ஒரு செட் வரவழைத்து மனைவியின் மடியில் போட்டான்.

"எல்லா டீலர் பொண்டாட்டியும் எறங்குவாங்க. அங்க வந்து நீ ஒப்பாரி வெச்சா எம் மானம் போயிரும். நம்ம கெணத்துலயே பழகிக்க."

"எனக்கு வேணாங்க. நான் படகுலயே உட்கார்ந்துக்கறேன்."

"உட்கார்ந்துக்கறதுக்கு இங்கிருந்து ஏரோப்ளேன் ஏறணுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதேஸும் வந்து சேர்ந்தான். கிணறு பாறையில் வெட்டியது. ஐப்பசி மழையில் நிறைந்த தண்ணீர் இன்னும் பாதிப் படிவரை நின்றது. சோபனா சுடிதாரோடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுவரில் நீட்டியிருந்த கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்தாள். காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. குழாயில் காற்று வந்தது. இன்னொரு மூச்சும் வந்தது. பரவாயில்லையே என்று அவள் நினைத்தபோது காற்று நின்றது.

மேல்படியில் குந்தியிருந்த மாதேஸ் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தான்.

சோபனா இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வராமல் வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் உள்ளே போனது. கல்லை விட்டாள், கால் வழுக்கியது. படியில் முழங்கால் தேய்ந்து, மூக்கில் சளியும் தண்ணீருமாக அவள் ஏறி வந்து விழுந்தபோது, ஆண்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முத்துராஜின் கையில் போன் இருந்தது.

"மச்சான், சூப்பரா வந்துருக்குது பாரு."

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ கோமாளிப் பாட்டு சேர்க்கப்பட்டு சொந்தக்காரர்கள் குரூப்பில் ஓடியது. அரூரில் இருக்கும் நாத்தனார் கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். மறுநாள் முத்துராஜ் கம்பெனிக்குப் போன் போட்டு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அவளுக்குப் பதிலாகத் தன் கூட்டாளி அருள்குமாரின் பெயரைக் கொடுத்தான்.

"இந்தப் பயந்தாங்கொள்ளியக் கட்டிக்கிட்டு எங்க போவறது?" என்று தன் அம்மா ராணியம்மாளிடம் சொன்னான். அடுப்படியிலிருந்த சோபனாவுக்கு அது கேட்டது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவன் சொன்னான்.

முத்துராஜும் அருள்குமாரும் அந்தமானுக்குக் கிளம்பிப் போன பிறகு சோபனா அந்த வீடியோவைத் தானே போட்டுப் பார்த்தாள். முதலில் பார்க்கவே முடியவில்லை. பிறகு சத்தத்தை அடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முகம் கவிழ்ந்திருக்கிறது. குழாய் நேராக நிற்கிறது. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அப்புறம் அண்ணன் கை வருகிறது. தண்ணீர் அவளை ஒன்றும் செய்யவில்லை. சிறுவயதிலும் அது ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானம், மாமியார் டிவி முன்னால் கண்ணயர்ந்ததும், கண்ணாடியையும் குழாயையும் துண்டில் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த குள்ளம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றாள் குள்ளம்மாள். "நீ செத்துக்கித்துப் போயிட்டா போலீசு என்னியத்தான் புடிப்பான்."

"மேல உட்கார்ந்து பாத்துக்கிட்டு மட்டும் இரு, அக்கா. ஆராவது வந்தா கொரல் குடு. கிட்ட மட்டும் வராத."

அன்று சோபனாவால் முகத்தை நனைக்க மட்டும்தான் முடிந்தது. குழாயைக் கடித்தவுடன் குமட்டியது. படியில் உட்கார்ந்து அழுதாள். குள்ளம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போதும், எந்திரிச்சு வா" என்றாள். அவள் எழவில்லை. மறுநாளும் போனாள். கல்லைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி, மெல்ல நீட்டினாள். உள்ளே இழுத்த காற்றை வெளியே விடவே பயமாக இருந்தது. விட்டாள். மறுபடி காற்று வந்தது. அதையே எத்தனை முறை செய்தாளோ, ஒரு கட்டத்தில் கை தானாகக் கல்லை விட்டிருந்தது. உடம்பு மூழ்கவில்லை.

உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்கி, பச்சைத் தண்ணீரில் தூண் தூணாக நின்றது. ஜிலேபி மீன்கள் அவளுடைய நிழலைக் கண்டு விலகி, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தன. பாறை இடுக்கில் ஒரு நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டு குந்தியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே எந்தக் காலத்திலோ விழுந்த பித்தளைக் குடம் ஒன்று பாசி பிடித்துச் சாய்ந்து கிடந்தது. உலகத்தின் சத்தம் எதுவும் இல்லை, அவள் மூச்சு போய் வரும் சத்தம் மட்டும்தான். மேலே ஏறி வந்தபோது கண்ணாடி பதிந்த தடம் முகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. சிரித்தாள்.

"அக்கா, கெணத்துக்குள்ள இவ்வளவு இருக்குது!"

"எறங்கறப்ப பொணம் மாதிரி எறங்குன," என்றாள் குள்ளம்மாள். "இப்ப மூஞ்சப் பாரு."

முத்துராஜ் திரும்பி வந்து சிப்பிமாலையும் சங்கும் கொடுத்து, கடலின் ஆழத்தைக் கண்டுவந்தது போலப் பேசினான். பெட்டி கொண்டுவந்து வைத்த அருள்குமார்தான் டீ குடித்தபடி உளறிவிட்டான்.

"இவன் எங்க எறங்குனான்? படகு ஆட ஆட வாந்தி. கடைசி வரைக்கும் டப்பாவக் கட்டிப்புடிச்சுக்கிட்டே கெடந்தான்."

சோபனாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முத்துராஜ் அவளைப் பார்த்த பார்வையில் அருள்குமாரே எழுந்து போய்விட்டான். அந்தச் சூட்டோடு ராணியம்மாளும் வாயைத் திறந்தாள். "நீ இல்லாதப்ப இவ தெனமும் கெணத்துல மெதந்துருக்கறாடா. ஈரத்துணியோட ஏறி வர்றத ஊரே பாத்துருக்குது."

முத்துராஜ் கத்தவில்லை, கையை ஓங்கவும் இல்லை. வந்த வாரத்திலேயே ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"போர்ல தண்ணி வருது. கெணறு எதுக்கு தெண்டத்துக்கு?"

முதல் கொட்டு மண் விழுந்ததும் மீன்கள் துள்ளின. "ஏங்க, அந்த மீன மட்டுமாவது புடிச்சு ஏரில உட்டுடலாங்க," என்றாள் சோபனா. வண்டிக்காரன் கையை நிறுத்திவிட்டு முத்துராஜைப் பார்த்தான். முத்துராஜ் மனைவியைப் பார்த்துக்கொண்டே, "போடு" என்றான். தண்ணீர் சேறாகி மேலேறியது. சேற்றில் வாய் பிளந்த மீன்களின் மேல் அடுத்த கொட்டு விழுந்தது. அவள் போய்விடுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் கடைசிவரை நின்றாள்.

பங்குனியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் முத்துராஜ் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "இவளுக்குத் தண்ணின்னாலே ஜன்னி. என்னிக்காவது உழுந்து தொலைப்பாளேன்னுதான் கெணத்தையே மூடிட்டேன்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். பொண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்று ஒருத்தி சொன்னாள். மாதேஸ் தன் டின் கதையை ஆரம்பித்தான்.

சோபனா ரச வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் மெதந்தேன். இவருதான் அந்தமான் படகுல வாந்தியெடுத்துக்கிட்டுக் கெடந்தாரு. வேணும்னா அருள்குமாரக் கேளுங்க."

மாதேஸ் வெடித்துச் சிரித்தான். எதைப் பார்த்தாலும் சிரிக்கும் அவன் இந்த முறை மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். இலை வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. முத்துராஜின் முகம் கறுத்து, சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அந்த முகத்தை அவள் நிதானமாக, ஆசை தீரப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அதன்பிறகு அவன் அவளோடு பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லியனுப்புகிறான். கிணறு இருந்த இடத்தில் தக்காளி போட்டிருக்கிறார்கள்.