வேம்பு மாமாவின் நீண்ட ஆசீர்வாதம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எந்த விசேஷமானாலும், காலில் விழுவதற்கு ஒரு பெரியவர் வேண்டுமென்றால் வேம்பு மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆசீர்வாதம் நீளமானது. சம்ஸ்கிருதத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு இறங்கி, வேலை, வீடு, குழந்தை, அமெரிக்க விசா என்று வரிசையாக வழங்கி, வயிற்றுக்கோளாறு வராதிருக்கவும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். விழுந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்ட பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றவர் உடம்பு விஷயத்தில் மாமா மகா கண்டிப்பு. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை இருமினால் டாக்டரிடம் துரத்திவிடுவார். தன் கால் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. செருப்பு இறுக ஆரம்பித்தபோது, செருப்புக் கடைக்காரர்களிடம் நாணயம் போய்விட்டது என்று முடிவு கட்டிப் பெரிய அளவு வாங்கினார். அதுவும் இறுகியது, மழை ஈரம் என்றார். மாடிப்படியில் மூச்சு வாங்கியதற்கு லிஃப்ட்டைச் சரிசெய்யாத குடியிருப்புச் சங்கம் பொறுப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். அந்தப் பழி மின்விசிறிக்கு.

மனைவி ஜானு டாக்டர் என்று வாயெடுத்தால், சபாவில் கச்சேரி முடியும்வரை காலைத் தொங்கப்போட்டால் யாருக்கும்தான் வீங்கும், விடிந்தால் வடிந்துவிடும் என்பார். முன்பெல்லாம் வடிந்தது உண்மைதான். இப்போது விடிந்த பிறகும் வீக்கம் அப்படியே இருந்தது என்பதைக் கணக்கு வாத்தியார் கணக்கில் சேர்க்கவில்லை.

காலில் விழுகிறவர்களாவது கவனித்திருக்கலாம். ஆனால் இந்தக் காலத்து நமஸ்காரம், கீழே விழுந்த கைபேசியை எடுக்கிற மாதிரி ஓர் அரைக்குனிவு. பாதத்தை யாருமே தொடுவதில்லை என்று மாமாவே குறைப்பட்டுக்கொள்வார்.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவள் புது மருமகள் ஸ்நேஹா. அடையாறு பெண், மென்பொருள் வேலை. அரைக்குனிவுதான் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ தன் பிறந்தநாளன்று முறையாக விழுந்து, இரண்டு கைகளாலும் பாதங்களை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். நெகிழ்ந்துபோன மாமா ஒரு வரிகூட விடாமல், விசாவைத் தாண்டி வயிற்றுக்கோளாறு வரை வந்து முடித்தார். ஸ்நேஹா எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நான் அழுத்தின இடம் இன்னும் பள்ளமாவே இருக்கு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல் பதிந்த குழி. அத்தனை நீள ஆசீர்வாதத்துக்கும் அது மேலெழும்பவில்லை.

"பெரியவா கால்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் மாமா.

"எதிராத்து மாமாவுக்கு இப்படி இருந்தா என்ன சொல்லுவேள்?" என்று கேட்டாள் ஜானு. "உக்காந்துண்டே தூங்கறவரை நானும் எத்தனை நாள் பாத்துண்டு இருக்கறது? கிளம்புங்கோ."

எதிர்வீட்டுக்காரருக்கு என்ன சொல்லியிருப்பார் என்பது மாமாவுக்கே தெரியும். சட்டையைத் தேடினார்.

இதயம் சோர்ந்துபோய், நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கியிருக்கிறது என்றார் டாக்டர். விடிந்தும் வடியாமல், அழுத்தினால் குழி விழுந்து, கூடவே மூச்சும் வாங்குகிற வீக்கத்தை வைத்துக்கொண்டா செருப்பு மாற்றினீர்கள் என்று கடிந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆம்புலன்ஸில்தான் வந்திருப்பீர்கள் என்று சொல்லி, அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்.

வீடு திரும்பிய மாமா இப்போது மாத்திரையோடும், ஊறுகாய் இல்லாத தயிர்சாதத்தோடும் வாழ்கிறார். படுத்துத் தூங்குகிறார். பழைய செருப்பில் கால் நுழைகிறது; கடைக்காரர்களுக்கு நாணயம் திரும்பிவிட்டது.

ஜானு அத்தனை வருஷமும் பண்டிகைக்குப் பண்டிகை மட்டும், அதுவும் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அவசரமாக நமஸ்காரம் செய்தவள். இப்போது தினமும் காலையில் விழுகிறாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, ஆசீர்வாதம் முடியும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மாமா "தீர்க்க சுமங்கலி பவ" என்று சுருக்கமாக முடிக்கப் பார்த்தார்.

"விசா வரைக்கும் சொல்லுங்கோ" என்றாள் ஜானு, தரையிலிருந்தபடியே.