பாட்டுக்கு நடுவே ஜெறால்டு

ஜெறால்டு போய்விட்டான். திங்கட்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சுவலி… ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தேங்காய்ப்பட்டணம் ரோட்டில் 'ஜெறால்டு மியூசிக் வேர்ல்ட்' வைத்திருந்தானே, அவனேதான்.

ஊர் குரூப்பில் ஒருவர் "இசைக்குத் தொண்டாற்றிய அண்ணன்" என்று எழுதியிருக்கிறார். பூ, மெழுகுவர்த்தி, கைகூப்பு எல்லாம் போட்டு. தொண்டா? அவன் இசைக்கு என்ன செய்தான் என்று நான் சொல்கிறேன்.

2008 வாக்கில் எங்கள் பக்கத்திலிருந்து கத்தாருக்குக் கிளம்புகிற எவனும் முதலில் அவன் கடைக்குத்தான் போவான். மெமரி கார்டைக் கொடுத்தால் நிறையப் பாட்டு ஏற்றித் தருவான். நானும் ஏற்றிக்கொண்டு போனேன்.

தோஹா கேம்ப். கட்டிலில் சாய்ந்து ஹெட்போனை மாட்டினேன். பல்லவி முடிந்து வயலின் எழும்புகிற இடம்…

"ஜெறால்டு மியூசிக் வேர்ல்ட்! தேங்காய்ப்பட்டணம் ரோடு, பெட்ரோல் பங்குக்கு எதிரில்!"

எக்கோ வேறு. எதிரில்… ரில்… ரில்…

எல்லாப் பாட்டிலும் இதே கதை. தாலாட்டில்கூட. மாதா பாட்டில்கூட. ஒரு பாட்டில் ஆக நல்ல இடம் எதுவோ, அதைச் சரியாகக் கண்டுபிடித்து அங்கே போய்க் கத்துவான். அவனுக்குக் காது என்று ஒன்று இருந்ததற்கு அது மட்டும்தான் சாட்சி.

முதல் லீவில் வந்ததும் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஏலே, பாட்டுக்க எடையில உனக்க சத்தம் எதுக்குலே?"

"பின்ன? நான் ஏத்துன பாட்ட அடுத்த கடைக்காரன் காப்பி அடிச்சு விக்கியான் மக்கா. எனக்க சத்தம் கெடந்தா அவனுக்கு விக்க ஒக்குமா?"

ஊரான் பாட்டைத் திருடி விற்கிறவனுக்குத் திருட்டுப் பயம்! நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே நியாயம் பேசிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஆடியோ எடிட்டர் ஒன்று இறக்கி, வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து அவனை வெட்டினேன். அவனை எடுத்தால் பாட்டு நொண்டியது. வைத்தால் எனக்குத் தலைவலி.

சில வருஷம் கழித்து ஸ்ட்ரீமிங் வந்தது. கூடவே, லேப்டாப்பில் கிடக்கிற பாட்டையெல்லாம் அடுக்கித் தருகிற மியூசிக் லைப்ரரி சாஃப்ட்வேர் ஒன்றும் கிடைத்தது. பாட்டு இருக்கும் ஃபோல்டரைக் காட்டு என்றது. காட்டினேன். பாடகர் வாரியாகப் பிரித்துத் தருகிறேன் என்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்து நின்றது.

மொத்த லைப்ரரிக்கும் ஒரே ஒரு பாடகர்… ஜெறால்டு.

ஆல்பத்தின் பெயர், பெட்ரோல் பங்க் எதிரில். என்ன வகைப் பாட்டு என்கிற இடத்தில் அவன் மொபைல் நம்பர். அட்டைப் படத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அவனே. உலகத்தில் பாடின, இசையமைத்த, எழுதின அத்தனை பேரையும் துடைத்துவிட்டு அங்கே தன் பெயரை எழுதிவைத்திருக்கிறான். என்ன ஒரு தொண்டு!

அந்த சாஃப்ட்வேரோடு ஸ்ட்ரீமிங் கணக்கை இணைத்தால், பாட்டைக் கேட்டு அடையாளம் கண்டுபிடித்து சுத்தமான பிரதியை எடுத்துத் தரும். இணைத்தேன். வந்தது. பிரதி கிடைத்த பழைய ஃபைல்களையெல்லாம் அழித்தேன். வயலின் எழும்பியது… யாரும் கத்தவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

(அதுவும் பெரிய யோக்கியம் இல்லை. ஒரு மாதா பாட்டு கேட்டதற்கு, 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று ஜிம்மில் போடுகிற பாட்டாக அனுப்பியது. ஜெறால்டும் அதுவும் ஒரே பள்ளிக்கூடம்.)

நேற்று அவன் மனைவி ஷைனி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள்.

"அண்ணே, அவருக்க சத்தம் வீட்டுல ஒரு எடத்துலயும் இல்ல. போனு பூட்டிக் கெடக்கு, தொறக்கத் தெரியல்ல. கடைக் கம்ப்யூட்டர எப்பமோ பழைய சாமான் எடுக்குற ஆக்கர் கடைக்குப் போட்டாச்சு. கல்யாண வீடியோவுல முழுக்கப் பாட்டுதான் ஓடுது, அவரு பேசுனது ஒண்ணும் கேக்கல்ல. பிள்ளைக்கு ஒன்றர வயசுதான் ஆவுது… உங்க கைல அந்தப் பழைய பாட்டு எதும் கிட்டுமா?"

ஊருக்கெல்லாம் குரலை ஏற்றி அனுப்பியவன், சொந்த வீட்டில் ஒன்றுகூட வைக்கவில்லை. இவ்வளவு பொறுப்பில்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

லைப்ரரியைத் திறந்து தேடினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவ்வளவு எரிச்சல் எனக்கு எந்தச் சுத்தத்தின் மேலும் வந்ததில்லை.

கடைசியில், 'அடையாளம் காண முடியாதவை' என்று ஒரு மூலை. அதில் ஒரே ஒரு பாட்டு. எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பாடகர் குழு பாடினது… ஜெறால்டே மைக் வைத்துப் பதிவு செய்தது. உலகத்தில் எந்த ஸ்ட்ரீமிங்குக்கும் அது தெரியாது. அதனால் தப்பித்திருக்கிறது.

அதில் மூன்று இடத்தில் வருகிறான். மூன்றாவது தடவை, "பெட்ரோல் பங்…" என்னும்போது கடையில் யாரோ எதையோ சொல்ல, பக்கென்று சிரித்துவிடுகிறான். திரும்பப் பேசிப் பதிவு செய்யச் சோம்பல். சிரிப்போடு அப்படியே ஒட்டிவைத்திருக்கிறான், மடையன்.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஷைனியிடமிருந்து பதில்.

"அண்ணே, பாட்டு வேண்டாம். பாட்ட வெட்டிக் களஞ்சிட்டு அவருக்க சத்தம் மட்டும் தருவியளா?"

அதே எடிட்டரைத் திறந்தேன். ஆர்மோனியத்தை வெட்டினேன். பாடகர் குழுவை வெட்டினேன். தபேலாவை வெட்டினேன். கண் கலங்கியது, அதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது.

கடை முகவரியும் பாதிச் சிரிப்பும் மிச்சம். அதை அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

போய் வா ஜெறால்டு. இனி நடுவில் பாட்டு எதுவும் வராது.