காதலி என்று சொன்ன பொய்

தொண்ணூறுகளில், வெளிநாடு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட் பகுதி அப்பார்ட்மெண்ட் ஒன்றில் நாங்கள் ஐந்து ஆண்கள் இருந்தோம். தொலைபேசி ஒன்றுதான், சமைக்கும் குசினிச் சுவரில் இருந்தது. நித்திரையின்றிச் சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, டாக்டர் ஒரு தமிழ்ப் பெண் உளவள ஆலோசகரின் நம்பரைத் தந்தார். வியாழன் மாலைகளில் அந்தப் பெண்ணுடன் மெதுவான குரலில் பேசுவேன்.

"ஆரடா பெட்டை? எங்களுக்கும் காட்டன்" என்று, நான் காதலியோடு பேசுவதாக நினைத்து மற்றவர்கள் பகிடி பண்ணிச் சிரித்தார்கள். மனநோயாளி என்ற பெயருக்கு அது மேல் என்று நானும் சிரித்துவைத்தேன்.

ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தபோது, எங்களில் மூத்தவரான யோகன் அண்ணை பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உது பெட்டை இல்லை. பெட்டையோட ஆரும் நித்திரைக்குப் போடுற குளிசையைப் பற்றிக் கதைப்பினமே? அந்த நம்பரை எனக்கும் தாவன்."

எழுதிக்கொள்ளப் பேனையும் துண்டுத்தாளும் எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "உங்களுக்கென்ன விசரே, அண்ணை? அது பெட்டைதான்."

விசர், பைத்தியம் என்று நாங்கள் நாளுக்குப் பத்துத் தடவை பகிடிக்குச் சொல்லும் சொல். அவர் முகம் வெளிறியது. "சும்மா கேட்டனான்" என்று திரும்பிப் போனார். அடுத்த மாதம் விலாசம் சொல்லாமல் வீடு மாறிவிட்டார்.

நான் குணமானேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.