பெட்ரோல் கொட்டிய இடம்

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை இரண்டு சூட்கேஸ்களுடன் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கை. ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தாள். மாமா ஏன் கூட வரவில்லை என்று கேட்டதற்கு, அவருக்குப் புனேயில் வேலை என்று அம்மா சொன்னாள். என் கட்டிலில் பாதி அத்தைக்குப் போனதில் எனக்குப் பரம சந்தோஷம். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி சொஸைட்டியின் மூன்று கட்டடங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி இருந்தது. பெயருக்குத்தான் புல்வெளி. ஊருக்குப் போன தோட்டக்காரர் திரும்பி வரவேயில்லை. வாட்ச்மேன்தான் புல் வெட்டும் மிஷினைத் தள்ளுவார். மறுபடி சீக்கிரம் தள்ள வேண்டாமே என்று ஒரேயடியாக மொட்டை அடித்துவிடுவார். இரண்டே நாளில் நுனியெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். இந்த லட்சணத்துக்குப் புல் எதற்கு, கல் பதித்தால் எட்டு கார் நிறுத்தலாமே என்று செக்ரட்டரி மாமா நோட்டீஸ் ஒட்டினார். அடுத்த மீட்டிங்கில் முடிவு. எங்களைத் தவிர அந்த சொஸைட்டியில் இருந்த ஒரே தமிழர் அவர். பிள்ளைகள் நாங்கள் விளையாட அந்தப் புல்லை விட்டால் வேறு இடம் கிடையாது.

அன்று சாயந்திரம் அத்தை ஆபீஸிலிருந்து வந்த புடவையோடு புல்லில் உட்கார்ந்தாள். ஒரு புல்லைக் கிள்ளி என் கண்ணருகே பிடித்தாள்.

"நுனியைப் பாரு. வெட்டினா இப்படியா இருக்கும்? பிய்ச்சு எடுத்திருக்கு. புல்லு மேல தப்பே இல்லைடீ."

நேரே செக்ரட்டரி மாமா வீட்டுக்குப் போய், மீட்டிங் வரைக்கும் மிஷினைத் தன்னிடம் விடும்படி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மிஷின் ஷெட்டின் சாவியைக் கொடுத்தார்.

மிஷினோடு வந்த சின்னப் புத்தகம், பிளாஸ்டிக் உறை பிரியாமல் ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போகும் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மற்றவர்கள் ஸ்லோகப் புத்தகம் படிக்கும் நேரத்தில் அத்தை அதைப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை சுடிதாரில் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றினாள்.

"இதைக் கழட்டாம அடியில கை வெச்சா, அப்புறம் கை நம்மளோடது இல்லை. தெரிஞ்சுதா?"

மிஷினைச் சாய்த்தால் அடியில் பழைய புல் வறட்டி போல அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்ட அத்தை எடுத்துக்கொண்டது அம்மாவின் தோசைத் திருப்பி. அதற்காக அம்மா மூன்று நாள் பேசியதை இங்கே எழுத இடம் போதாது. காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சு கரிக்கட்டையாக இருந்தது. பழைய ஆயில் டிகாஷன் போல இறங்கியது.

பிளேடைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி தாராவிக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொறி பறக்கத் தீட்டிவிட்டு, பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். ஒரு பக்கம் கீழே சரிந்தது.

"ஏ பிள்ள, பாத்தியா? இந்தப் பக்கம் கனம் சாஸ்தி. இப்படியே மாட்டினா மிஷினு கிடந்து ஆடும்லா." சரிந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை விடவில்லை. அத்தை அந்த பிளேடையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு வாரம் தவறாமல் அத்தைதான் வெட்டினாள். உயரத்தை ஏற்றி வைத்து நுனியை மட்டும் எடுத்தாள். "வெட்டின மாதிரியே இல்லையே" என்று அம்மா பால்கனியிலிருந்து குறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் முன்னால் போய்க் கல், குச்சி, ஷட்டில்காக் எல்லாம் பொறுக்குவது என் வேலை. மிஷின் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் பால்கனிக்கு வந்துவிடுவார்கள். ஒன்றரை மாதத்தில் புல் அடர்ந்து, வெறுங்காலோடு நடந்தால் குளிர்ந்தது.

மீட்டிங்குக்கு நான்கு நாள் முன்பு, அத்தை ஆபீஸிலிருந்து வருவதற்குள் பெட்ரோல் ஊற்றி மிஷினைத் தயாராக வைத்து அசத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புல்மேல் வைத்து ஊற்றக்கூடாது, கேட் பக்கம் சிமெண்டில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று அத்தை பலமுறை சொல்லியிருந்தாள். மிஷினைப் புல்வெளி நடுவரை தள்ளிக்கொண்டு வந்தவளுக்கு அதற்குமேல் தள்ளத் தெம்பில்லை. கேன் கனத்தது. கை வழுக்கி, பெட்ரோல் புல்லில் கொட்டிவிட்டது. பயத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, மிஷினை ஷெட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாகக் கணக்குப் போட்டேன்.

மீட்டிங் நாளான ஞாயிறு காலை, பச்சைக்கு நடுவே தாம்பாளம் அளவுக்கு ஒரு கருகல் வட்டம். அத்தை குனிந்து மண்ணை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

புல்வெளி ஓரத்திலேயே நாற்காலி போட்டு மீட்டிங் நடந்தது. பேச்செல்லாம் ஹிந்தியில். செக்ரட்டரி மாமா எல்லோரையும் அந்த வட்டத்தைச் சுற்றி நிற்கவைத்து, இது யார் செய்த வேலை என்று கேட்டார். அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"கல்தி மேரீ ஹை," தன் தப்புதான், பெட்ரோல் சிந்திவிட்டது என்றாள் அத்தை.

செக்ரட்டரி மாமா முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழுக்கு மாறினார். "ஒரு குடித்தனத்தைத்தான் பாத்துக்கத் தெரியலை. புல்லையாவது பாத்துக்கப்படாதோ?"

புரிந்தது எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அத்தை அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள். பிறகு எல்லோரையும் பார்த்து, நிதானமாக ஹிந்தியிலேயே பேசினாள்: கருகிய மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம், தண்ணீர்த்தொட்டி ஓரத்துப் புல்லைப் பெயர்த்து இங்கே வைத்தால் மூன்று வாரத்தில் அடையாளம் தெரியாது. கை தூக்கச் சொன்னார்கள். புல்லுக்குத் தூக்கிய கைகள்தான் அதிகம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த முதல் மாடி குஜராத்திப் பாட்டி இரண்டு கையையும் தூக்கினாள். புல் பிழைத்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அத்தை மட்டும் மண்வெட்டியோடு அந்த வட்டத்தில் குந்தியிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பாமலே மண்ணைக் கொத்தியதால், என்மேல் கோபம் என்று நினைத்து அருகில் போனேன்.

"அத்தை, நான்தான் கொட்டினேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் நீன்னு சொன்னே?"

அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து ஓரமாகப் போட்டாள். "யாராவது ஒருத்தர் பேச்சு வாங்கித்தானே ஆகணும்? எனக்கு அது பழக்கம்டீ கண்ணா. உனக்குப் பழக வேண்டாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் நெடி என்று நினைத்தேன். ஆபீஸில் யாரோ ஒரு மானேஜர் அத்தையை தினமும் திட்டுகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். முகம் தெரியாத அந்த மானேஜர்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது.