என் மகளை ஆதரிக்கப் போகிறார்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. காய்ந்த இஞ்சியைச் சாக்கில் தேய்த்து, புடைத்து, தரம் பிரித்துப் போட வேண்டும். அன்று மதியம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர். மகள் ஒன்பதாவது. அங்கே கொயர் என்கிற பாட்டுக் குழுவில் பாடுகிறாள்.

வாசலில் ஒரு லாரி இரைச்சலோடு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டீச்சரின் மலையாளத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"மோளெ ஸ்கூள் ஆதரிக்கான் தீருமானிச்சு. நாளெ உச்சைக்கு அம்ம ஹாளில் வரணம்."

என் மகளை ஆதரிக்கத் தீர்மானித்துவிட்டார்கள். நாளை மதியம் நான் போய் நிற்க வேண்டும்.

"அதுக்கு நான் சம்மதிக்கணுமா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். "சேச்சி சம்மதிச்சில்லெங்கிலும் ஞங்ஙள் ஆதரிக்கும், கேட்டோ!"

நான் சம்மதிக்காவிட்டாலும் ஆதரிப்பார்களாம். போனை வைத்தேன்.

அந்தச் சொல் எனக்குப் பழக்கம். சின்ன வயதில், திண்டுக்கல்லில், அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் இரண்டு பேர் வந்து சாப்பிட்டாயா, ராத்திரி யார் துணை என்று என்னிடம் கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நாளில் என்னை ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நிற்பாள். உன் பெண்ணை நாங்கள்தானே ஆதரிக்கிறோம், பிறகு ஏன் அழுகிறாய் என்று வார்டன் அவளை அதட்டுவார். ஆறாவது பாதியில் சுவர் ஏறிக் குதித்தேன். படிப்பு அதோடு சரி. பிறகு திருப்பூர், வால்பாறை, பாலக்காட்டுச் செங்கல் சூளை, ஆலுவாவில் ஹோட்டல். ஓர் ஊரில் கால் தரிக்காது. கட்டியவன் நடுவில் ஓர் ஊரில் நின்றுகொண்டான். மகள் மட்டும் என்னோடு வந்தாள்.

போன மாதம் ஏலூரில் ஒரு கேன்டீனில் நல்ல கூலி கிடைத்தது. மகளை இங்கே விட்டுவிட்டுச் சில நாள் அங்கேயே தங்கினேன். பக்கத்து அறைச் சேச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் யாராவது விசாரித்தால், பெண் குழந்தை தனியாக இருந்தது என்பதுதான் பதில்.

"என்னடி, இஞ்சி தின்னவ மாதிரி முழிக்கிற?" என்றாள் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த தூத்துக்குடிக்காரி.

"தூசி," என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

"ஸ்கூல்ல யாராவது நம்ம வீட்டைப் பத்திப் பேசினாங்களா?"

"டீச்சர் சோதிச்சாங்க."

அவள் தமிழ் அப்படித்தான், பாதி மலையாளம். சோதித்தார்கள் என்றால் கேட்டார்கள் என்று அர்த்தம்.

"என்ன கேட்டாங்க?"

"எந்தெந்த ஊர்ல இருந்தோம், அம்மாக்கு என்ன வேலை, வீட்ல யாரெல்லாம் உண்டுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதை எல்லாம் சொன்னேன்."

நான் பரணிலிருந்து பையை இறக்கினேன். எனக்குத் துணி அடுக்கத் தெரியும். வேறெதுவும் அவ்வளவு வேகமாகச் செய்ய வராது. ஆலுவா போய்விட்டால் கோயமுத்தூருக்கு ஏதாவது ஒரு ரயில் இருக்கும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எங்க போறோம்?"

"கோயமுத்தூர். சட்டையை மாத்து."

"நாளைக்கு ஸ்கூல்ல என்னை ஆதரிக்கறாங்கம்மா!"

"தெரியும். அதான் கிளம்பு."

அவள் முகம் சுருங்கிப்போனது. "அவங்க என்னை ஆதரிக்கறது உனக்கு இஷ்டமில்லியா? எனக்கு இஷ்டம்."

பையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்த பிள்ளை, தானே போகிறேன் என்கிறது. ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அவள் அழுதுகொண்டே படுத்தாள். நான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவள் பிடிவாதமாகப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள்; மதியம் நானும் ஹாலுக்குப் போனேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. கொயர் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். என் மகளின் குரல் எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன். அது பிடிபடவில்லை.

பாட்டு முடிந்ததும் டீச்சர் மைக்கில் ஒரு பையனை அழைத்தார். ஏலக்காய் மொத்த வியாபாரியின் மகன். அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் பட்டும் வேட்டியுமாக இருந்தார்கள். நன்றாகப் பாடியதற்காக அவனை "ஆதரிக்குந்நு" என்றார். ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்கு என்ன குறை, அவனை எதற்கு ஆதரிக்கிறார்கள்?

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "இவனை எப்போ கொண்டுபோவாங்க?"

"எங்கோட்டு?"

"ஆதரிக்கான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆதரிச்சு கழிஞ்ஞல்லோ. பொன்னாட கண்டில்லே?"

ஆதரித்து முடிந்துவிட்டதாம். பையன் பொன்னாடையோடு இறங்கிப்போய் அப்பா மடியில் பாதி உட்கார்ந்தான். அவனை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. மரியாதை செய்வதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தபோது, மகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

மேடைப் படிக்குப் போனேன். டீச்சர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நாங்கள் இருந்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாக மைக்கில் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளை, அப்படியும் இப்படிப் பாடுகிறாள் என்றார். அவளுக்கும் பொன்னாடை போர்த்தி, கை தட்டல் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த கொல்லம் கொயரிண்டெ லீடர் மோளாணு. நிங்ஙள் இவிடெத்தன்னெ உண்டாவுமல்லோ?"

அடுத்த வருஷம் கொயரை நடத்தப்போவது இவள். நாங்கள் இங்கேயே இருப்போம்தானே என்று கேட்கிறார். எந்த ஊரிலும் யாருக்கும் நான் அப்படி ஒரு வார்த்தை கொடுத்ததில்லை. மகள் டீச்சரைப் பார்க்கவில்லை. தோளில் பொன்னாடை சரிய, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று பையை இறக்கியபோது பார்த்த அதே பார்வை.

"உண்டாவும்," என்றேன்.

"கேட்டில்ல சேச்சீ," காதில் விழவில்லை என்று டீச்சர் மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

மறுபடியும் சொன்னேன். ஹால் முழுக்க என் குரல் கேட்டது.