வௌவால் பிடிக்கும் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரருக்கு வௌவால் பிடிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பு "ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர்" என்றுதான் சொன்னார்கள். பொய்யில்லை, பாதி உண்மை. மாதம் இரண்டு முறை குகைக்கும் பாழடைந்த கிடங்குக்கும் போவார். வலையில் சிக்கிய வௌவாலைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்துக்கொண்டு, பறக்க விட்டுவிடுவார். எந்த இனத்தில் என்ன கொரோனா வைரஸ் இருக்கிறது என்று அந்த எச்சிலில்தான் தேடுவார்கள்.

இது என் அப்பாவுக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்; எங்கள் மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து இருக்கிறார். காலமெல்லாம் ஊரையே "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டியவர், சொந்த மருமகனை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றார். வௌவால் பிடித்துவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு முன்னறைதான். குழந்தையைத் தொடக் கூடாது.

"அங்கயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தாம்ப்பா வர்றாரு" என்று நான் கத்துவேன். இவரோ, "பெரியவர் பயப்படறாரு, விடு" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் இவர் கையை நீட்டியதும் மகள் ஓடிப்போய்த் தாத்தாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று இவர் சாப்பிடவில்லை. போதாக்குறைக்கு, குழந்தையை என் அண்ணன் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா பேச ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்குச் சளி பிடித்தது. அடுத்து மகளுக்கு மூக்கு ஒழுகியது. குகைக்குக் கிளம்ப வேண்டிய நாளில், பையைத் தோளில் மாட்டிய இவர் அடுக்கடுக்காகத் தும்மினார். பையை இறக்கி வைத்துவிட்டு, குழுத் தலைவிக்கு போன் போட்டு, "எனக்குச் சளி மேடம், நான் வரல" என்றார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சளிக்கா லீவு? நான் காய்ச்சலோடயே டிக்கெட் கிழிச்சவன்."

"எனக்காக இல்ல மாமா. நம்ம சளி வௌவாலுங்களுக்கு ஒட்டிக்கக் கூடாது. மாஸ்க், கையுறை எல்லாம் நமக்கு மட்டுமில்ல, அதுங்களுக்கும் சேர்த்துத்தான்."

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இது நான் குடுத்ததா?"

"பின்ன, வௌவாலா குடுத்துச்சு?" என்றேன். விடுவேனா நான்.

இவர் இறக்கி வைத்த பையை அப்பா எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என்னிடம், "ஒரு வௌவாலுக்கே இவ்வளவு பாக்கறவரு, பெத்த புள்ளைக்குப் பாக்காம இருப்பாரா" என்றார். இவர் முகத்தைப் பார்க்க அப்பாவுக்குக் கூச்சம். மூன்று பேருக்கும் ஒரே சளி, யாரை யாரிடமிருந்து பிரிப்பது? மகள் தாத்தாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தன் அப்பாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குள் போய்விட்டேன்.

சளி விட்டதும் இவர் மறுபடி குகைக்குப் போனார். காலையில் திரும்பியவர் வழக்கம்போல முன்னறையிலேயே நின்றார். அப்பா எழுந்து போய்த் துண்டை நீட்டினார்.

"எனக்காக இன்னொரு தடவ குளிச்சிட்டு சீக்கிரம் வாங்க மாப்ள. இவ பல்லு வெளக்க மாட்டேங்கறா. உங்ககூடத்தான் வெளக்குவாளாம்."