வேலியோரப் பாவல்

ஜேர்மனியில் ஹம் நகரத்தில் வாடகைக்கு எடுத்த தோட்டத்துக்குத் தாளில் பாத்தி கீறிக்கொண்டிருந்தேன். மே நடுவில் குளிர் விட்டதும் வேலியோரம் பாவல் நட எண்ணம். பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன்காரன் செடி வெட்டும் கத்தரியைக் கிறிச்சென்று மூடி, “கொடி இஞ்சால வந்தால் வெட்டுவன்” என்றான்.

ஊரில் பக்கத்து வளவுப் பெரியம்மா, வேலி தாண்டின எங்கட பாவலை அடியோடு வெட்டினபோதும் அதே சத்தம்தான். முதல் காயை அம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தா.

“உன்ர முருகனை உன்ர வளவுக்குள்ள வைச்சிரடி” என்றா பெரியம்மா.

நான் கோயிலுக்கு ஓடி, “அந்தக் கை முறியவேணும் முருகா” என்று கும்பிட்டேன். மாரி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பெரியம்மாவின் வலது கை முறிந்தது. அம்மா கஞ்சி கொண்டுபோகச் சொன்னா. நான் போகவில்லை.

இன்றைக்கும் அதே வேண்டுதல் வாய்வரை வந்தது. முருகன் கேட்டுப்போடுவான் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டு, பாவல் பந்தலை வேலியிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளிக் கீறினேன். அழுத்தின அழுத்தில் பென்சில் முறிந்தது.